பிரேக் மாஸ்டரின் வலது கால்

என் அண்ணனுக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஓட்டுவது மாணவர்களின் வேலை. பக்கத்தில் உட்காருவது இவன் வேலை. பயிற்சிக் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். ஸ்டியரிங் கிடையாது, ஹாரன் கிடையாது, வேகத்தைக் கூட்ட வழி கிடையாது. பிரேக் மட்டும். இந்த உலகத்தில் தனக்கு அளந்து கொடுக்கப்பட்ட அதிகாரம் அவ்வளவுதான் என்று தெரிந்தவன் என்பதால், அதை அண்ணன் கஞ்சத்தனம் பார்க்காமல் செலவழித்தான். மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பிரேக் மாஸ்டர்.

ஒரே வேலையை வருஷக்கணக்கில் செய்தால் அது உடம்பில் ஏறிவிடும். பஸ்ஸில் போனால் அவன் வலது கால் தரையை அழுத்தும். சினிமாவில் துரத்தல் காட்சி வந்தால் அழுத்தும். முன் இருக்கைக்காரர் திரும்பி முறைப்பார். அண்ணி வெங்காயம் நறுக்கும்போது கத்தி விரலை நெருங்கினால் மேசைக்கு அடியில் அழுத்தும். அண்ணி கத்தியை நிறுத்திவிட்டு, "வண்டி நின்னுடுச்சா?" என்பாள். "ம்" என்பான். நறுக்கல் தொடரும்.

காரில் ஏறிவிட்டால் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. "கண்ணாடியப் பாருங்க. இண்டிகேட்டர். அது வைப்பர்மா. கிளட்ச், கிளட்ச். மெதுவா. மெதுவான்னா நிறுத்தறது இல்ல, மெதுவா." சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும். கட்டின தொண்டையோடு வீட்டிலும் தொடர்வான்.

நான் சில வருஷங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, முதுகுப்பையும் தீராத இருமலுமாக ஒரு நாள் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவன் மேலும் கீழும் பார்த்தான்.

"வந்துட்டியாடி நாடோடி? எத்தன நாளைக்கு?"

"தெரியல."

"தெரியலன்னா நெறைய நாள்தான். உள்ள வா. செருப்பு மேல செருப்ப வைக்காத, அவளுக்குப் பிடிக்காது."

அவள் என்பது அவன் மகள். நாலு வயது. நான் எங்கேயோ இருந்தபோது பிறந்து, நான் வேறெங்கேயோ இருந்தபோது நடக்கப் பழகியவள். நான் கூடத்தில் உட்கார்ந்ததும் உள்ளறையிலிருந்து வந்தாள். என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். என் பையின் ஜிப்பை முழுக்கத் திறந்தாள், முழுக்க மூடினாள். குறை ஒன்றும் இல்லை என்று கண்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே திரும்பிப் போய்விட்டாள். எத்தனையோ எல்லைச் சாவடிகளில் வரிசையில் நின்றிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான சோதனையைப் பார்த்ததில்லை.

"மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்துட்டுப் போறாங்க," என்றாள் அண்ணி. "உன்னப் பத்தி ரிப்போர்ட் எதுவும் வராது. பயப்படாத."

வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்றுதான் பெயர். ஆட்டிசம் என்று முந்தின வருஷம் டாக்டர் சொல்லியிருந்தார். மேனேஜரிடம் சொற்கள் இருந்தன; ஆனால் அவை யார் முகவரிக்கும் அனுப்பப்பட்டவை அல்ல. அவர்கள் கட்டடத்து லிப்ட் பேசும். அந்தக் குரலை அச்சு அசலாகப் பிடித்து, "கதவு திறக்கிறது", "கதவு மூடுகிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் பாத்திர மூடிகளைத் தரையில் சுழலவிடுவாள். மூடி தள்ளாடித் தளர்ந்து, கடகடவென்று அதிர்ந்து அடங்கும்வரை கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு பார்ப்பாள். அந்த வீட்டில் எந்தப் பாத்திரத்துக்கும் மூடி கிடையாது. பால் பொங்கினால் பொங்கியதுதான்.

இதெல்லாம் அண்ணனுக்கு வருத்தம் இல்லை. அவன் வருத்தம் வேறு. அதை எனக்கு அண்ணி சொன்னாள். நான் வருவதற்குச் சில மாதம் முன்பு குடலிறக்க ஆபரேஷனுக்காக அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். தையலில் சீழ் பிடித்து, இன்று விடுகிறோம், நாளை விடுகிறோம் என்று இழுத்துவிட்டது. ஒருவழியாக வீடு திரும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றான். மேனேஜர் மூடி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. மூடி உருண்டு அவன் பின்னால் போனது. எழுந்து வந்து, நாற்காலிக் காலைச் சுற்றிப் போவது போல அவன் காலைச் சுற்றிப் போய் எடுத்துக்கொண்டாள்.

"நான் இல்லாதப்ப தேடுனாளா?" என்று அண்ணியைக் கேட்டான்.

அண்ணி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க ஆட்களை உட்காரவைத்து, "இது தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்பது அவள் பிழைப்பு. தெரியாததைத் தெரிகிறது என்று சொன்னால் தப்பான கண்ணாடியை மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்ளப்போவது அவரவர்தான் என்பது அவள் கட்சி.

"தேடல," என்றாள்.

அண்ணன் கீழே போய், நிறுத்தியிருந்த பயிற்சிக் காரில் ஏறி, ஓட்டுநர் இல்லாத காரில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். வெகு நேரம் கழித்து மேலே வந்தான். "பேசலன்னா போகுது. இந்த வீட்ல நான்னு ஒருத்தன் இருக்கேன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்," என்றானாம்.

"அத எந்தச் சார்ட்ட வெச்சுப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியல," என்றாள் அண்ணி என்னிடம். "அதான் அந்த மேடம்கிட்ட அனுப்பறேன்."

அந்த மேடம், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை வைத்திருந்த தெரபிஸ்ட். எப்போதும் ஜலதோஷம். கைக்குட்டையை முழங்கை மடிப்பில் சொருகியிருப்பார். அண்ணிக்குக் கடை இருக்கும் நாட்களில் மேனேஜரைப் பார்த்துக்கொள்ள நான் கூடப் போவேன் என்று ஏற்பாடு. முதல் நாளே அந்த ஏற்பாடு குலைந்தது.

"குழந்தையக் கூட்டிட்டு வரவேண்டியது இல்ல," என்றார் மேடம்.

"குழந்தை இல்லாம எப்பிடி மேடம் டிரெயினிங்?"

"அவ என்ன தப்பு பண்ணா? டிரெயினிங் உங்களுக்கு."

அண்ணன் என்னைப் பார்த்தான். பயிற்சி என்ற சொல்லுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பது அவனுக்கு அன்றுதான் தெரியும்.

முறை இதுதான். தினமும் கொஞ்ச நேரம் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதில் பத்து நிமிஷம் வீடியோ எடுத்து வர வேண்டும். மேடமும் அண்ணனும் சேர்ந்து அதைப் பார்ப்பார்கள். மேடம் அங்கங்கே நிறுத்தி, "இங்க என்ன பாக்கறீங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான். போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்துவைத்து, அது சரியாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. அண்ணிக்கு விடுமுறை இருக்கும் நாளில் மேனேஜரை அவளிடம் விட்டுவிட்டு, அண்ணனோடு மேடத்திடம் போவதும் என் வேலை. அடுத்த ஊருக்குக் கிளம்பலாம் என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு வீடியோ பாக்கி இருந்தது.

முதல் வீடியோவில் மேனேஜர் மூடி சுற்றுகிறாள். அண்ணன் எதிரே உட்கார்ந்து பேசுகிறான். "இது என்ன? மூடி. சொல்லு, மூ-டி. என்ன கலரு? இங்க பாரு. அப்பாவப் பாரு. சுத்துதா? எப்பிடிச் சுத்துது? யாரு சுத்துனா? பாப்பா சுத்துச்சா?" அவன் கேட்ட கேள்விகளை எண்ணத் தொடங்கிய நான் பாதியில் விட்டுவிட்டேன்.

மேடம் நிறுத்தினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இங்க என்ன பாக்கறீங்க?"

"பதில் சொல்ல மாட்டேங்கறா மேடம்."

"பதில் சொல்ல எடம் எங்க விட்டிருக்கீங்க?"

"ரோட்ல எடம் விட்டா வேற எவனாவது நுழைஞ்சிடுவான் மேடம். பழக்கம்."

"இங்க நுழையவேண்டியது அவதான்."

கேள்வி கேட்கக் கூடாது என்றார் மேடம். அவள் எதைப் பார்க்கிறாளோ அதைப் பற்றி ஒரு சொல். அதோடு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவளாக ஏதாவது ஆரம்பித்தால் உடனே பதில் கொடுக்க வேண்டும். கையை இழுக்கலாம், எதையாவது நீட்டலாம், தொட்டுவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். எதுவானாலும் சரி. "அவளா உங்ககிட்ட வந்து ஆரம்பிக்கற ஒண்ணு. அதத்தான் தேடறோம். வார்த்தையெல்லாம் அப்புறம்."

அண்ணன் எழுந்தவன் வாசலில் நின்றான். "நான் ஒருத்தன் இருக்கேன்னு அவளுக்குத் தெரியுமா மேடம்?"

சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மேடம் தும்மினார். "வீடியோவுல பாப்போம்," என்றார்.

அதன்பிறகு வீட்டில் அண்ணன் பேசுவது நின்றது. "மூடி," என்பான். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்காருவான். மூடி சுற்றி அடங்கும். "நின்னுச்சு," என்பான். மறுபடி உதட்டைக் கடிப்பான். விழுங்கப்பட்ட கேள்விகள் கழுத்தில் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

"உங்க அண்ணனப் பேசாம வைக்க எனக்குப் பத்து வருஷமா முடியல. அந்தம்மா ஒரே வாரத்துல முடிச்சிட்டாங்க," என்றாள் அண்ணி. "இன்னொரு குழந்தை பொறந்து அதுக்கும் இப்பிடி இருந்தா, வீட்ல சத்தமே இருக்காது." அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள்.

அடுத்த வீடியோவைப் பெருமையோடு எடுத்துப்போனான். பத்து நிமிஷத்தில் மொத்தமே சில சொற்கள்தான். ஓட்டுநர் சோதனையில் பாஸான முகத்தோடு உட்கார்ந்திருந்தான். மேடம் ஓர் இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டினார். திரும்பவும் தள்ளி, திரும்பவும் ஓட்டினார்.

"இங்க என்ன பாக்கறீங்க?"

"நான் பேசல மேடம்."

"உங்களப் பாக்காதீங்க. அவ எதப் பாக்கறா?"

"மூடிய."

"மூடி நின்னுபோச்சு சார்."

உண்மைதான். மூடி எப்போதோ படுத்துவிட்டது. மேனேஜர் கன்னத்தைத் தரையில் வைத்தபடியே இருக்கிறாள். கண் வேறெங்கோ இருக்கிறது. மேடம் பென்சிலால் திரையைத் தட்டினார். அங்கே அண்ணனின் வலது கால் இருந்தது. ஒவ்வொரு கேள்வியையும் விழுங்கும்போது அது பிரேக்கை அழுத்துவது போலத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பெருவிரல் விறைக்கிறது, மற்ற விரல்கள் விசிறி போல விரிகின்றன, பிறகு மெல்லத் தளர்கின்றன. மேனேஜர் ஒவ்வொரு முறையும் அதைக் கவனமாகப் பார்க்கிறாள்.

"நீங்க மூஞ்சியக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்க," என்றார் மேடம். "அவ படுத்திருக்கா. அவளுக்கு நேரா இருக்கறது உங்க மூஞ்சி இல்ல."

அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அந்தக் கால் இவ்வளவு காலமும் தன்னிடம் சொல்லாமல் ஒரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது போல இருந்தது அவன் பார்வை.

"நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. கால் அது பாட்டுக்கு அழுத்தட்டும். அவ பாக்கறப்ப ஒரு சத்தம் குடுங்க. அப்புறம் காத்திருங்க."

இந்த "ஒண்ணும் பண்ணாதீங்க" என்பதை மட்டும் அண்ணன் காதில் வாங்கவில்லை. பழைய கார் உடைக்கும் கடைக்குப் போய் ஒரு பிரேக் பெடலைக் கழற்றி வாங்கிவந்தான். அதை ஒரு பலகையில் முடுக்கி, அடியில் ஸ்பிரிங் வைத்து, மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும்படி வயரும் இழுத்தான். இரண்டு நாள் விடுப்பு எடுத்துச் செய்த வேலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என்னிடம் போனை ஓடவிடச் சொல்லிவிட்டு, மேனேஜர் முன்னால் வைத்தான்.

"அழுத்து பாப்பா. அப்பிடித்தான். இங்க வை கால. அங்க இல்ல, இங்க. மெதுவா. மெதுவான்னா..."

மேனேஜர் பலகையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்வையிட்டாள். வயரை ஒரு முறை இழுத்து, விளக்கை நிரந்தரமாக அணைத்தாள். பிறகு பலகையைத் திருப்பிப் போட்டு அதன் மேல் மூடியைச் சுற்றினாள். வழவழப்பான பலகை. தரையைவிட நன்றாகச் சுற்றியது.

"ஸ்கூல் திறந்துட்டீங்களே சார்," என்றார் மேடம், வீடியோவைப் பார்த்து.

அண்ணன் பெடலைக் கழற்றிப் பரண்மேல் போட்டான். பலகையை மேனேஜர் தரவில்லை.

பிறகு மேடம் சொன்னதையே செய்தான். மேனேஜர் பார்க்கும்போது கால் அழுத்தினால், "கிறீச்" என்று டயர் தேயும் சத்தம் கொடுத்தான். தொழில்முறைச் சத்தம், தெருவில் போகிறவர்கள் ஒதுங்குவார்கள். மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. தலையைக் காலுக்கு அருகில் நகர்த்திப் படுத்துக்கொண்டாள். சில நாள் காலைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணன் தன் காலைப் பொறாமையோடு பார்ப்பதை நான் பார்த்தேன்.

ஆனால் அவளாக எதையும் ஆரம்பிக்கவில்லை. வாரங்கள் போயின. வீடியோக்கள் போயின.

"பாக்கறா மேடம். சிரிக்கிறா. ஆனா எதுவும் கேக்க மாட்டேங்கறா."

"எதுக்குக் கேக்கணும்? கேக்காமலே கெடைக்குது. கொஞ்சம் கால நிறுத்திட்டு உக்காந்து பாருங்க. அவ என்ன பண்றான்னு பாப்போம்."

காலை நிறுத்துவது நடக்கவில்லை. காலின் மேல் தலையணையை வைத்தான், தலையணை அமுங்கியது. சம்மணமிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான், முழங்கால் துடித்தது. நான் கால் மேல் உட்காரட்டுமா என்று கேட்டேன். "போடி நாடோடி," என்றான். அவள் மூடியை எடுத்து வாயருகே கொண்டுபோனாலே அது தானாக அழுத்திவிடும்.

"பிரேக்குக்குப் பிரேக் போட முடியல மேடம்," என்று ஒப்புக்கொண்டான். அன்று அவன் குரலில் நக்கல் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில், "அவளுக்குக் கால் இருக்கறது தெரியுது. காலுக்கு மேல ஒருத்தன் இருக்கறது தெரியல," என்றான். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம் என்று பார்த்தேன். சொல் அகப்படவில்லை.

அப்போது அவனிடம் ஒரு பல் டாக்டரம்மா படித்துக்கொண்டிருந்தார். லைசன்ஸ் சோதனையில் போகும்போதெல்லாம் தோற்றுவிட்டு, பள்ளியிலேயே மூத்த மாணவியாக இருந்தவர். "உலகத்துல எல்லாரும் என்கிட்ட வாயத் திறக்கப் பயப்படுவாங்க. நீங்க வாயத் திறந்தாத்தான் எனக்கு பயம் மாஸ்டர்," என்பார்.

மேடத்தின் முறையை இவரிடம் பரீட்சித்துப் பார்த்தால் என்ன என்று அண்ணனுக்குத் தோன்றியிருக்கிறது. மறுநாள் காலை காரில் ஏறியதும், "ஸ்டார்ட்," என்றான். அவ்வளவுதான். டாக்டரம்மா ஓட்டினார். "பாலம்," என்றான். பாலத்தைத் தாண்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "லாரி," என்றான். லாரி போனது. வீடுகள் தீர்ந்து, கடைகள் தீர்ந்து, இரு பக்கமும் வயல் வந்தது.

"மாஸ்டர், நாம எங்க போறோம்?"

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்? நீங்கதான ஓட்டறீங்க."

"நீங்க திரும்பச் சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

எதிரே அடுத்த ஊரின் பெயர்ப்பலகை வந்துவிட்டது. டாக்டரம்மா தானாகவே ஒதுக்கி, தானாகவே திருப்பினார். முன்னால் போன டிராக்டர் திடீரென்று நின்றது திரும்பி வரும்போதுதான்.

பயிற்சிக் காரில் இரண்டு பிரேக்கும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒருவர் மிதித்தால் மற்றவர் பக்கத்துப் பெடலும் சேர்ந்து கீழே இறங்கும். காலையிலிருந்து அடக்கிவைத்த அவ்வளவையும் சேர்த்து அண்ணன் ஓங்கி மிதித்தான். ஆனால் பெடல் அங்கே இல்லை. தன் வாழ்நாளில் முதல் முறையாக டாக்டரம்மா அவனை முந்திக்கொண்டு பிரேக் போட்டிருந்தார். படி இருக்கிறது என்று நினைத்து இருட்டில் கால் வைத்தவனுக்கு என்ன ஆகுமோ அது அண்ணனுக்கு ஆனது. கால் பெடலின் விளிம்பில் வழுக்கி, கணுக்கால் மடங்கியது.

"மாஸ்டர்! நானே நிறுத்திட்டேன் மாஸ்டர்!"

"ஆமாம்மா," என்றான் அண்ணன். கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

மாஸ்டர் சந்தோஷத்தில் அழுதுவிட்டார் என்று டாக்டரம்மா இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறார். ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு கார் நிற்கும் இடத்தில் ஒரு காரை நிறுத்தினார்.

எலும்பு முறியவில்லை, தசைநார் பிசகியிருக்கிறது என்று சொல்லி, விரல் நுனி மட்டும் தெரியும்படி எலும்பு டாக்டர் இறுக்கிக் கட்டினார். காலை அசைக்கக் கூடாது, யார் கையும் படக் கூடாது என்றார். அசைக்கவும் முடியாது, கட்டு அப்படி.

மறுநாள் வீடியோ நாள். "வேண்டாம், இன்னொரு நாள் எடுத்துக்கலாம்," என்றேன். அண்ணன் ஏற்கெனவே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கிவிட்டிருந்தான். கட்டுப்போட்ட காலை நீட்டிவைத்தான். நான் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்தேன்.

மேனேஜர் பலகையோடு வந்தாள். மூடியைச் சுற்றினாள். கன்னத்தைத் தரையில் வைத்தாள். மூடி அடங்கியதும் கண்ணைக் காலுக்குத் திருப்பினாள்.

கால் சும்மா இருந்தது.

காத்திருந்தாள். மூடியை இன்னொரு முறை சுற்றி அடங்கவிட்டு மறுபடி பார்த்தாள். கால் சும்மாவே இருந்தது. எழுந்து உட்கார்ந்தாள். கட்டை இந்தப் பக்கமிருந்து பார்த்தாள், அந்தப் பக்கமிருந்து பார்த்தாள். பிறகு உள்ளங்கையை விரித்துக் காலின் மேல் வைத்து, உடம்பின் எடையை எல்லாம் கொடுத்து அழுத்தினாள்.

அண்ணனின் முகம் வெளுத்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அவள் கையை எடுக்கவில்லை. காலைப் பார்த்தாள். பிறகு அந்தக் காலிலிருந்து முழங்கால் வழியாக, சட்டைப் பொத்தான்கள் வழியாக, அவசரப்படாமல் மேலே வந்து, அவன் முகத்தில் கண்ணை நிறுத்தினாள். வண்டி ஏன் ஓடவில்லை என்று மெக்கானிக்கைப் பார்க்கிறவர்கள் பார்ப்பது போல.

என் அண்ணனுக்கு அந்த நேரத்தில் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவள் இன்னொரு முறை அழுத்தினாள். இன்னும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிறீச்," என்றான் அண்ணன். காற்றுப் போன டயரின் சத்தம்.

மேனேஜர் சிரித்தாள். கையை எடுத்தாள். மறுபடி வைத்து அழுத்தினாள். "கிறீச்." மறுபடி. "கிறீச்." ஒவ்வொரு முறையும் அழுத்திவிட்டு நிமிர்ந்து அவன் வாய்க்காகக் காத்திருந்தாள். அவன் வேண்டுமென்றே ஒரு நொடி தாமதித்தான். அவள் காத்திருந்தாள். கண்ணீர் அவன் மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. நான் நிறுத்தச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். என் பக்கம் பார்க்காமலேயே ஒரு விரலை உயர்த்தினான். பயிற்சிக் காரில் மாணவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வதற்கு அவன் வைத்திருக்கும் சைகை அது.

போதும் என்று தோன்றியபோது அவளே எழுந்தாள். "கதவு மூடுகிறது," என்றாள். பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் அப்படியே தரையில் சாய்ந்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டான்.

"வலிக்குதாண்ணா?"

"ம்."

"மாத்திரை தரவா?"

"போன் ஓடுச்சான்னு மொதல்ல பாரு."

ஓடியிருந்தது.

அன்று அண்ணி கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றி நேராக வைப்பதற்குள் போனை நீட்டிவிட்டான். வேறொன்றும் சொல்லவில்லை. அண்ணி பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்துத் திரையைத் துடைத்தாள். நின்றபடியே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடையிலும் அவள் முகம் அப்படித்தான் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு விடை தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. முடிந்ததும் பின்னால் தள்ளி, மகள் காத்திருக்கும் இடத்திலிருந்து இன்னொரு முறை பார்த்தாள்.

"தேடறா," என்றாள் அண்ணி.

"என்னயா?"

"மொதல்ல கால."

"அப்புறம்?"

அண்ணி போனை அவன் மடியில் வைத்தாள். "அப்புறம் மேல வந்து பாக்கறால்ல? அங்க யாரு இருக்கா?" அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கே தண்ணீர்க் குழாய் தேவைக்கு மேல் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். எலும்பு டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ரெஸ்ட்ல வைக்கச் சொன்னேனே. யாரு மிதிச்சது?"

"எம் பொண்ணு."

சொன்ன தொனியில் எலும்பு டாக்டர் தலையை நிமிர்த்தினார். பரிசு வாங்கியவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

"ஒரு தடவையா?"

"இல்ல டாக்டர். நெறைய தடவ. அழுத்திட்டு மூஞ்சியப் பாத்தா."

எலும்பு டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இந்த முறை இன்னும் இறுக்கமாகக் கட்ட வேண்டும் என்று அவர் துணிச்சுருளைப் பிரித்தார்.

"டாக்டர்," என்றான் அண்ணன். "கட்டு இன்னும் கொஞ்சம் மெல்லிசாப் போடலாமா? அவ கை சின்னது. அழுத்தச் சிரமப்படறா."